ஸ்பீக்கரை விழுங்கிய கிடார்!

குட்டீஸ்... முதலில் ஒரு விடுகதை!

வயிற்றுக்குள் ஸ்பீக்கர் இருக்கும். ஆனால், கரன்ட் கிடையாது. உள்ளே எட்டுக்கால் பூச்சி ஒன்று உட்கார்ந்திருக்கும்; ஆனால், கடிக்காது. ஆறு கம்பி இருக்கும். ஆனால், யாரும் விரலால் அழுத்த மாட்டார்கள். அது என்ன?

தலையைச் சொறிய வேண்டாம், நாமே சொல்லிவிடுகிறோம். அதன் பெயர் டோப்ரோ. ஒரு வகை கிடார். சாதாரண கிடாரின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும் அல்லவா? இதில் அந்த இடத்தில் பளபளவென்று ஒரு உலோகத் தட்டு மூடியிருக்கும். ஓட்டை ஓட்டையாக, இட்லித் தட்டு மாதிரி! வாசிப்பவர் இதை மார்போடு அணைத்துப் பிடிக்க மாட்டார். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கொள்வார். நின்று வாசித்தால், தோளில் வார் போட்டு வயிற்றுக்கு முன்னால் தட்டு மாதிரி தொங்க விட்டுக் கொள்வார். இடது கையில் ஒரு இரும்புக் கட்டை. அதைக் கம்பிகளின் மேல் வைத்து அப்படியும் இப்படியும் இழுத்தால்... ஒரு ஆள் விம்மி விம்மிப் பாடுவது போல ஓர் ஓசை வரும்.

அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் என்று ஓர் இசை உண்டு. மலைக் கிராமங்களிலும் பண்ணைகளிலும் வயலின், பேன்ஜோ, கிடார் வைத்துக் கொண்டு சாதாரண மக்கள் பாடி வளர்த்தது. வீட்டை விட்டுப் பிரிந்து போனவனின் ஏக்கம், ரயில் பயணம், அம்மாவின் நினைவு, இவையெல்லாம்தான் பாட்டு. அந்தப் பாட்டுக்குப் பின்னால் கேட்கும் அழுகைக் குரல் பெரும்பாலும் கம்பி மேல் கட்டையை இழுக்கும் கிடாருடையதுதான். அதில் கரன்டே இல்லாமல் அழுவது, நம்ம டோப்ரோ.

ஆனால், இது அழுவதற்காகச் செய்யப்பட்ட வாத்தியமே அல்ல. கத்துவதற்காகச் செய்யப்பட்டது! அந்தக் கதை, அமெரிக்காவில் கூட ஆரம்பிக்கவில்லை.

ரயில் பாதையில் ஒரு போல்ட்

பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. 1880-களில் அங்கே ஜோசஃப் கெகூகூ என்று ஒரு சிறுவன் இருந்தான். ஒரு நாள் கிடாரோடு ரயில் பாதை ஓரமாக நடந்து போகும்போது, கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தானாம். அது கம்பியில் பட்டதும் புது மாதிரி ஓசை வர, அதையே பிடித்துக் கொண்டானாம். அவனுக்கு முன்பே வேறு சிலரும் இப்படிச் செய்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். எப்படியானாலும், போல்ட்டில் ஆரம்பித்து, வழுவழுப்பான இரும்புக் கட்டை வரை வந்து, இதை ஒரு முழு வித்தையாக்கியவர் கெகூகூதான். 1904-ல் அவர் கப்பலேறி அமெரிக்கப் பெருநிலத்துக்கு வந்தார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஹவாய் கிடாரைக் கேட்ட அமெரிக்கர்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊர் ஊராக மடியில் கிடாரைப் போட்டுக் கொண்டு இழுக்க ஆரம்பித்தார்கள்.

வீணையில் மெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் கம்பியை அழுத்தி வாசிக்கிறோம். கிடாரிலும் அப்படித்தான். ஒவ்வொரு மெட்டும் ஒரு படிக்கட்டு. ஸ்வரம், படி படியாகத்தான் ஏறும். இரும்புக் கட்டையை வைத்து இழுத்தாலோ, படிக்கட்டு சறுக்குமரமாகி விடுகிறது! ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக் கொண்டே போகலாம். மனிதக் குரலும் அப்படித்தானே போகிறது? அதனால்தான், அது பாடுவது போலவே இருக்கிறது. நம் ஊரிலும் இந்த ரகசியம் தெரிந்த ஒரு வாத்தியம் உண்டு. சித்ரவீணை என்கிற கோட்டுவாத்தியம். அதில் மெட்டே கிடையாது. உருளைக் கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தித்தான் வாசிப்பார்கள்.

கேட்கலையே... கேட்கலையே!

1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்ற மேடைக் கலைஞர் இருந்தார். மடியில் கிடார் வாசிப்பவர். அவருக்கு ஒரே ஒரு கவலை. பக்கத்தில் டிரம்ஸ், டிரம்பெட் எல்லாம் முழங்கும்போது, இவர் கிடார் யார் காதிலும் விழாது. அப்போது எலக்ட்ரிக் கிடார் எல்லாம் கடைக்கு வரவில்லை.

அதே ஊரில், ஜான் டோபியேரா என்பவர் வாத்தியங்கள் செய்து கொண்டிருந்தார். ஐரோப்பாவில் இன்றைக்கு ஸ்லோவாக்கியா என்று சொல்கிறோமே, அந்த நாட்டில் 1893-ல் பிறந்தவர். அப்பாவும் வயலின் செய்பவர். பீச்சம் இவரிடம் போய், "கிராமபோன் பெட்டிக்கு இருப்பது போல, என் கிடாருக்கும் ஒரு புனல் வைத்துக் கொடுங்கள்" என்று கேட்டார். டோபியேராவும் செய்து கொடுத்தார். பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது. ஓசையும் சரிப்பட்டு வரவில்லை.

புனலை வெளியே வைக்காமல் உள்ளே வைத்தால் என்ன? டோபியேரா அலுமினியத்தை மெல்லிசாக அடித்து, மூன்று கூம்புகள் செய்து, கிடாரின் வயிற்றுக்குள் வைத்தார். கம்பிகளைத் தாங்கும் கட்டையை, நம் ஊர் வீணைக்காரர்கள் குதிரை என்பார்கள். அந்தக் குதிரையைக் கூம்புகளின் மேல் ஏற்றி உட்கார வைத்தார். கம்பியைத் தட்டினால் குதிரை அதிரும். குதிரை அதிர்ந்தால் கூம்பு அதிரும். கூம்பு காற்றைத் தள்ளும். ரேடியோ ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு செய்கிற அதே வேலை!

நம்பிக்கை இல்லையா? இப்போதே செய்து பாருங்கள். ஒரு ரப்பர் பேண்டை வெட்டி, இரண்டு முனையையும் நண்பனைப் பிடித்துக் கொள்ளச் சொல்லி, நடுவில் சுண்டுங்கள். டிக் என்று லேசாகத்தான் கேட்கும். இப்போது ஒரு காகித டம்ளரின் அடியில் ஊசியால் சின்ன ஓட்டை போடுங்கள். ரப்பரின் ஒரு முனையை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, அங்கே ஒரு தீக்குச்சித் துண்டில் கட்டிவிடுங்கள். டம்ளரை ஒரு கையில் பிடித்து, ரப்பரின் மறு முனையை நண்பனை இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சுண்டுங்கள். டொய்ங்! அதே ரப்பர்தான். ஆனால், இப்போது அது தனியாக அதிரவில்லை. டம்ளரின் அடிப்பாகத்தையும் சேர்த்து அதிர வைக்கிறது. மெல்லிய கம்பி தானாகத் தள்ளும் காற்று கொஞ்சம். அகலமான கூம்பு தள்ளும் காற்று அதிகம்.

1927-ல் பீச்சம், டோபியேரா, இன்னும் சிலர் சேர்ந்து நேஷனல் என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். கிடார் நன்றாகவே விற்றது. கூடவே சண்டையும் வந்தது! மூன்று கூம்புக்குப் பதில் ஒற்றைக் கூம்பு வைப்பது யார் யோசனை என்று இருவருக்கும் தகராறு. டோபியேரா கோபித்துக் கொண்டு வெளியேறி, தம் சகோதரர்களோடு சேர்ந்து தனிக் கம்பெனி தொடங்கினார். பழைய அமைப்பை அப்படியே செய்ய முடியாது. காப்புரிமை அங்கே மாட்டிக் கொண்டது. அதனால், கூம்பைக் கவிழ்த்துப் போடாமல் கிண்ணம் போல நிமிர்த்தி வைத்தார். அதன் விளிம்பில் எட்டுக் கால்களை ஊன்றி நிற்கும் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்தினார். அதன் நடுவில்தான் குதிரை. விடுகதையில் வந்த எட்டுக்கால் பூச்சி இதுதான். கிடாரின் உடம்பை உலோகத்தில் செய்யாமல் மரத்தில் செய்தார், விலையும் குறைந்தது.

பெயர் வைத்ததுதான் பிரமாதம். டோபியேரா பிரதர்ஸ், சுருக்கினால் டோப்ரோ. அவர்களுடைய ஸ்லோவாக் மொழியில் அதற்கு "நல்லது" என்றும் அர்த்தம்!

கத்த வந்தவன் அழுதான்

இனிமேல்தான் வேடிக்கை. வெளியே போன டோபியேராவோடு சண்டை போட்ட பீச்சமும், 1931-க்குள் நேஷனலை விட்டு விலக வேண்டி வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து எலக்ட்ரிக் கிடார் செய்து விட்டார்! 1932-ல் அது விற்பனைக்கே வந்துவிட்டது. வட்டமாக, நீளக் கைப்பிடியோடு இருந்ததால், "வாணலி" என்று செல்லப் பெயர். இனி சத்தம் வேண்டும் என்றால், குமிழைத் திருகினால் போதும். சத்தத்துக்காகப் பிறந்த டோப்ரோவுக்கு, பிறந்து நாலே வருடத்தில் வேலை போய்விட்டது. அதற்கு எமனாக வந்தவர், இப்படி ஒரு கிடார் வேண்டும் என்று முதலில் கேட்ட அதே மனிதர்!

டோப்ரோ அப்போதே காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கன்ட்ரி இசைக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள்.

நாஷ்வில் நகரில் டபிள்யூ.எஸ்.எம்., வானொலி நிலையம், 1925-ல் இருந்து சனிக்கிழமை இரவுகளில் "கிராண்ட் ஓலே ஓப்ரி" என்ற நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. 1938-ல் அதில் பாடிப் புகழ் பெற்றவர் ராய் ஏகஃப். அவர் குழுவில் டோப்ரோ உண்டு. மறு வருடம் அதை வாசிக்க வந்தவர் பீச்சர் கிர்பி. டென்னசி மலைப் பக்கத்துக்காரர். வேலை தேடி மிச்சிகன் போன இடத்தில் ஒரு ஹவாய்க் கலைஞர் வாசிப்பதைப் பார்த்து, வீட்டுக்கு வந்து அப்படியே வாசித்துப் பழகியவர். ஹவாய்ப் போல்ட் எவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது, பாருங்கள்!

ஏகஃப் குழுவில் ரேச்சல் வீச் என்ற இளம்பெண்ணும் பேன்ஜோ வாசித்தார். கல்யாணமாகாத பெண், ஆண்களோடு ஊர் ஊராகப் போவதா என்று அந்தக் காலத்து ரசிகர்கள் முகம் சுளிப்பார்களே! ஏகஃப் ஒரு தந்திரம் செய்தார். "இவர் ரேச்சலின் கூச்ச சுபாவமுள்ள அண்ணன், ஆஸ்வால்ட்" என்று கிர்பியை அறிமுகப்படுத்தினார். அன்று முதல் கிர்பிக்கு, "பேஷ்ஃபுல் பிரதர் ஆஸ்வால்ட்" என்பதே பெயராகிவிட்டது. தொங்கும் தொப்பி, தொளதொள உடை, இடிச் சிரிப்பு... கூச்சமாவது ஒன்றாவது! ஆனால், டோப்ரோவைத் தொட்டால் அழ வைத்து விடுவார்.

ஏகஃப் குழு வளர்ந்தபோதும் எலக்ட்ரிக் கிடார் பக்கம் சாயவில்லை. 1992-ல் ஏகஃப் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆஸ்வால்ட் அவரோடுதான் இருந்தார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்து, உலோகமெல்லாம் போருக்குப் போக, ரெசனேட்டர் கிடார் செய்வதே நின்று போனது. 1950-களில் மிதிகட்டை வைத்த எலக்ட்ரிக் ஸ்டீல் கிடார் வந்து, கன்ட்ரி இசையை வளைத்துப் போட்டது. அப்போது டோப்ரோ, பழங்காலத்து ஆசாமி சிலரின் கையில் மட்டும் மிச்சம்.

மூன்று விரல் வேகம்

அதை எழுப்பி உட்கார வைத்தவர் ஜாஷ் கிரேவ்ஸ். 1955-ல் ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்தார். அது புளூகிராஸ் குழு. கன்ட்ரியின் வேகமான தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் அவருக்குக் கிடைத்தது பேஸ் வாசிக்கும் வேலை. கொஞ்ச நாளிலேயே டோப்ரோவுக்கு மாறினார். குழுவின் தலைவர்களில் ஒருவரான எர்ல் ஸ்க்ரக்ஸ், கட்டைவிரலோடு இரண்டு விரல் சேர்த்து, பேன்ஜோவில் மழை மாதிரி ஸ்வரங்களைப் பொழிபவர். அந்த மூன்று விரல் வித்தையைக் கிரேவ்ஸ் அப்படியே டோப்ரோவுக்குக் கொண்டு வந்தார். மெதுவாக அழ மட்டுமே தெரியும் என்று நினைத்த வாத்தியம், குதித்து ஓட ஆரம்பித்தது! கேட்டவர்கள் எல்லாம் கடை கடையாகப் பழைய டோப்ரோவைத் தேடினார்கள். பிறகு, டோபியேரா குடும்பத்தாரே மறுபடி செய்து விற்கத் தொடங்கினார்கள்.

நமக்குப் பிடித்த விஷயம், டோப்ரோ எப்போது வாசிக்கிறது என்பது. பாடுபவர் ஒரு வரி பாடி, மூச்சு வாங்குகிறார் இல்லையா? அந்தச் சின்ன இடைவெளியில்தான் டோப்ரோ நுழையும். அவர் சொன்னதைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லும். சோக வரி என்றால் கீழே சரியும். நம்பிக்கை வரி என்றால் மேலே ஏறி நடுங்கும். அவர் அடுத்த வரியைத் தொடங்கியதும் வாயை மூடிக் கொள்ளும். நம் கச்சேரிகளில் பாடகரைப் பின்தொடரும் வயலினை நினைத்துக் கொள்ளுங்கள். எலக்ட்ரிக் கிடாருக்குச் சத்தம் இருக்கிறது. ஆனால், மெல்லிய உலோகக் கூம்பில் இருந்து வரும் இந்தக் கரகரத்த குரல், அதனிடம் இல்லை.

இதைக் கற்பது கஷ்டமா? ஆரம்பம் சுலபம். ஆறு கம்பிகளையும் தடித்ததில் இருந்து ச-க-ப, ச-க-ப என்று சுருதி சேர்ப்பார்கள். எதையும் தொடாமல் தடவினாலே இனிமையாக இருக்கும். கட்டையைக் குறுக்கே ஐந்தாவது மெட்டுக்கு நேராக வைத்தால் ஒன்று, ஏழாவது மெட்டுக்கு நேராக வைத்தால் இன்னொன்று... இந்த மூன்று இடம் தெரிந்தாலே, எத்தனையோ கன்ட்ரி பாட்டுக்கு உடன் வாசித்து விடலாம். அழுத்தவே கூடாது, சும்மா தொட்டால் போதும். அப்புறம்தான் வம்பு! மெட்டு தடுக்காததால், ஒரு நூல் அளவு தள்ளி வைத்தாலும் அபஸ்வரம்.

ஓஹையோ மாநிலத்தில் ஒரு இரும்பாலைத் தொழிலாளி, ஓய்வு நேரத்தில் புளூகிராஸ் குழு நடத்தி வந்தார். அவர் மகன், சின்ன வயதில் ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் கச்சேரியில் கிரேவ்ஸ் வாசித்ததைக் கேட்டு, இதேதான் வேண்டும் என்று நின்றான். பெயர் ஜெரி டக்ளஸ். பதினேழு வயதிலேயே பெரிய குழுவில் சேர்ந்தார். 1998-ல் இருந்து பாடகி அலிசன் கிராஸின் குழுவில் வாசித்து, ஒரு டஜனுக்கும் மேல் கிராமி விருதுகள் வாங்கியிருக்கிறார்.

நம் நாட்டு விஸ்வ மோகன் பட், கிடாரையே மாற்றி அமைத்து மோகன வீணை என்று வாசிப்பவர். 1994-ல் கிராமி வாங்கியவர். அவரும் மடியில் வைத்து, இரும்புக் கட்டையால்தான் இழுப்பார். 1995-ல் வெளிவந்த ஓர் ஆல்பத்துக்காக, பட்டும் டக்ளஸும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் ராஜஸ்தானத்து வாத்தியம், இன்னொருவர் மடியில் டோப்ரோ. ஒருவர் இழுத்துவிட்டு நிறுத்துவார்; மற்றவர் அந்த இடைவெளியில் நுழைவார். கண்ணை மூடிக் கொண்டு கேளுங்கள்... எது யாருடையது என்று கண்டுபிடிக்க, நமக்குக் கொஞ்ச நேரம் ஆனது!