மூன்றாவது முறை எப்போது?

வானொலியில் என் பிழைப்பே கடிகாரத்தோடுதான். செய்திக்கு முன்பு பத்து விநாடி மிஞ்சினாலும் எதையாவது பேசி நிரப்பிவிடுவேன். போன வருடம் அப்பாவின் சிகிச்சையில் வந்த இடைவெளியைத்தான் எப்படி நிரப்புவதென்று தெரியவில்லை.

அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். எந்தக் காலத்திலோ உடம்பில் தங்கிவிட்ட ஹெப்படைட்டிஸ் பி கிருமி செய்த வேலை. நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதற்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அப்பாவின் தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. கட்டிகள் இரண்டு பக்கமும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. 'டேஸ்' செய்யலாம் என்றார்கள்.

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து ஒரு பெரிய சிரை வழியாக, மிச்சம் தமனி வழியாக. கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. அதனால் தொடை மடிப்பில் மெல்லிய குழாயை நுழைத்து, அந்தத் தமனியின் கிளைவரை கொண்டுபோய், புற்றுநோய் மருந்தை விட்டு, ரத்த ஓட்டத்தையும் அடைத்துவிடுகிறார்கள். இது ஆயுளைக் கூட்டும் என்று 2002இல் ஹாங்காங், பார்சிலோனா ஆய்வுகள் இரண்டும் காட்டின.

முதல் முறைக்குப் பிறகு நான்கு நாள் காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி. இரண்டு மாதத்தில் இரண்டாவது முறை. மூன்றாவதுக்குத் தேதியே தரவில்லை. "அரசாங்க ஆஸ்பத்திரின்னா இப்படித்தான் இழுப்பாங்க, பிரைவேட்டுக்குப் போயிடலாம்" என்றார் அத்தை. தம்பி கார் வாங்க வைத்திருந்த முன்பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நானும் சண்டை போடும் எண்ணத்தோடுதான் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். பிலிருபின் ஏறியிருந்தது, அல்புமின் இறங்கியிருந்தது. "கட்டியை அடிக்கும்போது நல்ல கல்லீரலும் கொஞ்சம் அடி வாங்குதும்மா. அது எழுந்து நிக்கறதுக்குள்ள மறுபடி அடிச்சா, கட்டிக்கு முன்னாடி கல்லீரல் போயிடும்" என்றார் தமிழிலேயே.

பிறகு ஸ்கேன் படம். கட்டியின் அளவு அப்படியே இருப்பதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. அளவை மட்டும் பார்க்கக்கூடாதாம். ஊசியில் போடும் சாயம் எங்கே ஏறுகிறதோ அங்கேதான் கட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அப்பாவின் பெரிய கட்டியில் ஓர் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு, செத்துப்போன பகுதி.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துச் செய்வதும் உண்டு. இப்போது பெரும்பாலும் ஒவ்வொரு முறைக்கும் பிறகு சில வாரம் விட்டு ஸ்கேன் எடுத்து, மிச்சக் கட்டி இருக்கிறதா, கல்லீரல் தாங்குமா என்று பார்த்தே அடுத்ததை முடிவு செய்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை செய்தும் கட்டி அடங்காவிட்டால், அதையே திரும்பத் திரும்பச் செய்யாமல் வேறு மருந்துக்கு மாற்றுவதும் உண்டாம். இதை முதல் நாளே யாராவது எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அத்தனை இரவுகள் தூக்கம் கெட்டிருக்காது. நாங்களும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பதினோராவது வாரம் பிலிருபின் இறங்கியது. மூன்றாவது முறை நடந்தது. தம்பி பணத்தைத் திரும்ப வங்கியில் போட்டுவிட்டான்.

இப்போது சுவர் நாள்காட்டியில் அப்பா சிவப்பு மையால் வட்டமிடுவது ரத்தப் பரிசோதனைத் தேதியைத்தான். அடுத்தது வரும் செவ்வாய். அன்றைய காலை நிகழ்ச்சியைத் தோழியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.