அறுந்த இணைப்பு: வீட்டுக் கணக்கு மென்பொருளும் வங்கிக் கணக்கும்

தனிமனிதர் தமது வரவு செலவைத் தாமே ஏட்டிற் பதிந்து, மாத முடிவில் வங்கிக்கூற்றோடு ஒப்புநோக்கிச் சரிபார்க்கும் வழக்கம் பழமையானது. ஐக்கிய அமெரிக்காவில் இன்ரூயிற் நிறுவனம் 1980களில் வெளியிட்ட குயிக்கன் என்னும் மென்பொருள் அந்த ஏட்டைக் கணினிக்குள் கொண்டுவந்தது. பின்னர் வங்கிப் பதிவுகள் தாமாகவே ஏட்டில் வந்து சேரும் வசதியும் தோன்றிற்று. ஆயின் இவ்விணைப்பு அடிக்கடி அறுந்துபோகின்றது. அறுந்தவிடத்துப் பாவனையாளர் பெரும்பாலும் தம்மையே குறைகூறிக்கொள்கின்றார். அக்கருத்து எவ்வளவு பொருத்தமானது என்பதையும், இணைப்பு அறுவதற்கான காரணங்களைக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. இணைப்பின் அமைப்பு

மென்பொருளும் வங்கியும் இருவகையில் இணைகின்றன. முதலாவது நேரடி இணைப்பு. மைக்றோசொவ்ற், இன்ரூயிற், செக்பிரீ ஆகிய நிறுவனங்கள் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓ.எஃப்.எக்ஸ். என்னும் பொதுவடிவம் இதற்கு அடிப்படையாயிற்று. வங்கி இவ்வடிவில் தரும் பதிவுகளை மென்பொருள் நேராகவே பெற்றுக்கொள்ளும்.

இரண்டாவது இடைநிலை நிறுவனத்தின் வழியான இணைப்பு. 1999 இல் தொடங்கப்பெற்ற யொட்லி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று; பின்வந்த பிளெயிட் இன்று பெருநிறுவனமாக வளர்ந்துள்ளது. பாவனையாளரின் கடவுச்சொல்லைப் பெற்று, அவர் பெயரால் வங்கியின் இணையத்தளத்துள் நுழைந்து, திரையில் தோன்றுவனவற்றைப் படித்தெடுப்பதே இந்நிறுவனங்களின் தொடக்ககால முறையாக இருந்தது. வங்கி தன் பக்கத்தின் அமைப்பைச் சிறிது மாற்றினாலும், புதியதொரு பாதுகாப்பு வினாவைச் சேர்த்தாலும் இம்முறை செயலிழந்துவிடும். எனவே முறிவு என்பது தற்செயலான விபத்தன்று. அமைப்பிலேயே உறைந்துள்ள பலவீனம் எனலாம்.

2. காரணம் காணும் முறை

பாவனையாளர், இடைநிலை நிறுவனம், வங்கி என மூவர் இருக்குமிடத்துத் தவறு எவரிடத்தது என அறிவதே முதற்பணியாகும். அதற்குப் பின்வரும் ஒழுங்கு பயன்தரும்.

முதலில் மென்பொருளை விட்டு, வங்கியின் இணையத்தளத்துள் நேரடியாக நுழைந்து பார்த்தல் வேண்டும். நுழைய இயலாதாயின் கடவுச்சொல் மாறியிருக்கலாம். அல்லது கணக்கு பூட்டப்பட்டிருக்கலாம். மென்பொருளில் மீண்டும் மீண்டும் முயல்வதால் வங்கி கணக்கைப் பூட்டிவிடுவதும் உண்டு. ஆகையால் முயற்சியை இடையில் நிறுத்துதலே அறிவுடைமை.

நேரடியாக நுழைய முடிகின்றதாயின், ஏனைய வங்கிகளின் கணக்குகள் இணைகின்றனவா என்று காணல் வேண்டும். எல்லாம் தவறின் மென்பொருளிலோ இணையத் தொடர்பிலோ குறை உளது. ஒன்று மட்டும் தவறின் அவ்வங்கிக்கும் இடைநிலை நிறுவனத்துக்கும் இடைப்பட்ட சிக்கலே பெரும்பாலும் காரணமாகும். அங்கே பாவனையாளர் செய்யத்தக்கது காத்திருத்தலும் முறையிடுதலுமே. பிழை எண்களும் வழிகாட்டும்: ஓ.எஃப்.எக்ஸ். முறையில் 15500 என்பது நுழைவு விவரம் ஏற்கப்படவில்லை என்பதைக் குறிக்கும்.

மீளிணைக்கும்போது மூன்று விடயங்கள் மனங்கொள்ளத்தக்கவை. ஒன்று, தொடங்குமுன் ஏட்டின் பிரதியொன்றை எடுத்து வைத்தல். இரண்டு, புதிய கணக்கைச் சேர்க்காது ஏற்கெனவே உள்ள கணக்கோடு தொடுத்தல். தவறின் ஒரே கணக்கு ஏட்டில் இருமுறை தோன்றும். மூன்று, இரட்டைப் பதிவுகளைத் தேடுதல். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் தனி அடையாள எண்ணுடன் வருகின்றது. மென்பொருள் அவ்வெண்ணைக் கொண்டே பழைய பதிவை இனங்காணும். இணைப்பு முறை மாறினால் எண்ணும் மாறக்கூடும். அப்போது பழைய செலவே புதிய செலவாக மீண்டும் பதியப்படும். வங்கிக்கூற்றின் இறுதி மீதியோடு ஏட்டை இணக்கிப் பார்ப்பதன்றி இதனை அறிய வேறு உறுதியான வழி இல்லை.

3. திட்டமிட்ட முறிவு

எல்லா முறிவும் பிழையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்ரெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கணக்கைப் பார்வையிடும் இணைப்புக்கு 90 நாட்களுக்கு ஒருமுறை உரிமையாளர் தம்மை மீள உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. 2023 இல் இக்கால எல்லை 180 நாட்களாக நீட்டப்பட்டது. இங்கு இணைப்பு அறுவது உரிமையாளரின் சம்மதத்தை மீண்டும் கேட்பதற்காகவே. தொல்லைபோலத் தோன்றும் இது உண்மையில் ஒரு பாதுகாப்பாகும்.

4. தரவு எவருடையது?

தொழினுட்பக் குறைபோலத் தோன்றுவதன் அடியில் உடைமை பற்றிய வினா ஒன்று கிடக்கின்றது. பிரித்தானியாவில் 2017 ஆம் ஆண்டுக் கட்டளையொன்று ஒன்பது பெரிய வங்கிகளை, வாடிக்கையாளரின் சம்மதத்துடன் அவர்தம் தரவைப் பொதுநியமப்படி வழங்கப் பணித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டின் டொட்-பிராங்க் சட்டம் இவ்வுரிமையைக் குறிப்பிட்டபோதிலும், அதற்கான இறுதி விதி 2024 ஒக்ரோபரிலேயே வெளியாயிற்று. உடனே வங்கித் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டில் அதனை வெளியிட்ட பணியகமே மீளாய்வில் இறங்கியது. அவ்வாண்டிலேயே ஜே.பி.மோர்கன் சேஸ் வங்கி இத்தரவுக்கு இடைநிலை நிறுவனங்களிடம் கட்டணம் கோரிற்று. இடைநிலை நிறுவனங்களும் குற்றமற்றவையல்ல. தனியுரிமை தொடர்பான வழக்கொன்றில் பிளெயிட் 58 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியமையும், அவ்விணக்கம் 2022 இல் நீதிமன்ற அங்கீகாரம் பெற்றமையும் இதற்குச் சான்று. உழைப்பவரின் ஊதியமும் செலவுமே அத்தரவு. ஆயினும் அதனைப் படைத்தவர் அதன் வாயிலில் நின்று அனுமதி கேட்க, அதன் விலை குறித்து வேறிருவர் பேரம் பேசுகின்றனர்.

5. முடிவுரை

மைக்றோசொவ்ற் மணி என்னும் மென்பொருளின் விற்பனை 2009 இல் நிறுத்தப்பட்டது. 2011 ஜனவரியில் அதன் இணையச் சேவையும் முடிவுற்றது. 2007 இல் தோன்றிய மின்ற் சேவையை 2009 இல் வாங்கிய இன்ரூயிற் 2024 மார்ச்சில் அதனை மூடியது. ஆகவே இணைப்பு மட்டுமன்றி ஏடே மறையக்கூடும் என்பது தெளிவு. வங்கியின் பதிவோடு முரண்படும் வேளையில், தம் கையில் வேறொரு பதிவு இல்லாதவர் வங்கியின் சொல்லையே ஏற்க வேண்டியவராவார். எனவே மாதந்தோறும் வங்கிக்கூற்றைத் தரவிறக்கித் தம்மிடமே வைத்தல், மீதியைத் தாமே இணக்கிப் பார்த்தல் ஆகிய பழைய ஒழுக்கங்கள் தானியங்கி இணைப்பு வந்தபின்னும் கைவிடத்தக்கனவல்ல. இணைப்பு ஒரு வசதி மட்டுமே. கணக்கு நம்முடையதாக இருத்தல் வேண்டும்.