ஒரே டிஸ்க், எட்டு டிராக்

1992-ல் அட்டாரி நிறுவனம் ஃபால்கன் 030 என்றொரு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, ஜாகுவார் என்ற வீடியோ கேம் கருவிதான் முக்கியம் என்று அதைக் கைகழுவியும் விட்டது. இசைக்காரர்கள் விடவில்லை. சி-லேப் என்ற ஜெர்மன் நிறுவனம் உற்பத்தியைக் கையிலெடுத்துச் சில காலம் ஓட்டியது. இன்றும் பழைய ஃபால்கனைத் தேடிப்பிடித்து, அதில் பாட்டு பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதன் மெயின் பிராசஸர் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டோரோலா 68030. தனித்தனியாகப் பதிந்த எட்டு டிராக் ஒலியை ஒன்றாகக் கலக்கும் வேலையை இதன் தலையில் கட்டினால் திணறிப்போகும். அதற்காகவே பக்கத்தில் இன்னொரு சிப் இருக்கிறது: மோட்டோரோலா 56001. இரண்டு எண்களைப் பெருக்கி, விடையை முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்ப்பதை ஒரே கட்டளையில் முடித்துவிடும். மிக்ஸிங் என்பதும் அதுதானே! ஒவ்வொரு டிராக்கின் ஒலி எண்ணையும் அதன் வால்யூம் அளவால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. 1989-ல் டிஜிடிசைன் நிறுவனம் மேக் கம்ப்யூட்டர்களுக்கு விற்ற 'சவுண்ட் டூல்ஸ்' என்ற ஒலிப்பதிவுத் தொகுப்பு இதே சிப்பைத் தனி கார்டில்தான் கொடுத்தது. ஃபால்கனில் அது மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

உண்மையான நெருக்கடி ஹார்ட் டிஸ்க்கில். சிடி தரத்தில் ஒரு மோனோ டிராக் என்றால் நொடிக்கு 44,100 எண்கள், எண்ணுக்கு இரண்டு பைட், மொத்தம் 88,200 பைட். எட்டு டிராக்குக்கு நொடிக்கு ஏழு லட்சம் பைட்டுக்கும் மேல். 65 எம்பி டிஸ்க்குடன் வந்த மாடலில் ஒன்றரை நிமிடத்தில் இடம் காலி. அதனால்தான் பெரிய டிஸ்க்கை வெளியே வைத்து ஸ்கஸி கேபிளில் மாட்டினார்கள்.

இடத்தைவிட வேகம் பெரிய தலைவலி. எட்டு டிராக்கும் எட்டு ஃபைல்கள். டிஸ்க்கில் எட்டு இடங்களில் கிடக்கின்றன. படிக்கும் ஹெட்டோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவியபடி இருக்க வேண்டும். பந்தியில் எட்டு இலைக்கும் ஒரே ஆள் சாம்பார் ஊற்றுவது மாதிரி. கரண்டி கரண்டியாக ஊற்றினால் ஆள் ஓடியே களைத்துப்போவார். ஒவ்வோர் இலையிலும் தாராளமாக ஊற்றிவிட்டு நகர்ந்தால் சமாளிக்கலாம். சாஃப்ட்வேரும் அப்படித்தான் செய்கிறது. ஒரு டிராக்குக்கு 64 கேபி மொத்தமாகப் படித்து மெமரியில் வைத்தால் முக்கால் நொடிக்குத் தாங்கும். அதற்குள் மற்ற ஏழையும் சுற்றிவிட்டு ஹெட் திரும்பி வந்தாக வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தக் காலத்து டிஸ்க்குகள் சூட்டில் விரியும். ஹெட் சரியான தடத்தில்தான் நிற்கிறதா என்று டிஸ்க் அவ்வப்போது தானே நிறுத்திச் சரிபார்த்துக்கொள்ளும். ஃபைல் காப்பி செய்யும்போது அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. பாட்டு ஓடும்போது 'டக்' என்று ஒலி அறுந்துபோகும். இந்தச் சோதனையை ஒத்திப்போடும் டிஸ்க்குகளை 'ஏவி' என்ற முத்திரையோடு தனியாகவே விற்றார்கள்.

இன்று ஃபால்கன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உள்ளே இருக்கும் ஐடிஇ இணைப்பில் ஒரு அடாப்டர் வழியாக காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைச் செருகிவிடுகிறார்கள். சுழலும் தட்டும் இல்லை, தாவும் ஹெட்டும் இல்லை. வேறு சில்லறை வேலைகள் இருக்கின்றன. கடிகார சிப்புக்குள்ளேயே பேட்டரியை வைத்து மூடியிருப்பதால், அது தீர்ந்தால் சிப்பையே மாற்ற வேண்டும். கியூபேஸ் என்ற பாட்டுப் பதிவு சாஃப்ட்வேர் ஓட, கார்ட்ரிட்ஜ் துளையில் செருகும் டாங்கிள் என்ற பூட்டுச் சாவி வேண்டும். அது தொலைந்துபோன பிரதியை வாங்கிப் பயனில்லை. ஆடியோ உள்ளீடு மைக் அளவுக்கானது. மிக்ஸரிலிருந்து நேராகக் கொடுத்தால் ஒலி உடைந்து கரகரக்கும்.

பழைய மெஷினில் பதிந்தால் ஒலியில் தனி இதம் வருமென்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. 16 பிட் எண்ணை எந்த டிஸ்க்கில் எழுதினாலும் அதே எண்தான். கவர்ச்சி வேறிடத்தில்: எட்டே டிராக் என்றால், எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று அப்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

பதிந்ததைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபால்கனின் சொந்தக் கடிகாரத்திலிருந்து சிடிக்கு உரிய 44.1 கிலோஹெர்ட்ஸ் கிடைக்காது, 49.17, 32.78 போன்ற விசித்திர எண்களே கிடைக்கும். ஸ்டூடியோக்கள் வெளியிலிருந்து ஒரு கடிகாரத்தை இணைத்துச் சமாளித்தன. அது இல்லாமல் 49.17-ல் பதிந்த ஃபைலை 44.1 என்று நினைத்து ஓட்டினால், ஒரு நிமிடப் பாட்டு 67 நொடிக்கு இழுக்கும். மூன்று கட்டையில் பாடியவர் ஏறக்குறைய இரண்டு கட்டைக்கு இறங்கியிருப்பார். ஃபைலின் வேகம் 49,170 என்று முதலில் குறித்துவிட்டு, அதன்பிறகு 44,100-க்கு மாற்றினால் சுருதி சரியாகிவிடும்.