கணப்பு அருகே கவனம் தேவை!

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? அங்கே பழைய பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு இருக்கும். விறகு எரிவதைப் பார்த்தாலே குழந்தைகளுக்குக் குஷிதான். ஆனால், நெருப்போடு பழக ஒரு முறை உண்டு.

மருந்து காய்ச்சும் தீயைச் சித்த மருத்துவத்தில் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று மூன்றாகப் பிரிப்போம். முதலாவது விளக்குச் சுடர் போன்றது. அடுத்தது தாமரைப் பூவைப் போன்றது. கடைசி, காடே பற்றினாற்போல எரிவது. கணப்புக்குக் கமலாக்கினி போதும். "நல்லா எரியட்டுமே" என்று விறகை அடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது.

பற்ற வைக்கும் முன் புகைபோக்கியின் மூடித் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த விறகையே போடுங்கள். ஈர விறகு புகையும். புகைபோக்கியில் கரி படியும்.

கட்டை சரிந்தால் கையை நீட்டாதீர்கள், காலாலும் தள்ளாதீர்கள். நீளமான இரும்பு இடுக்கியால் பிடித்து, மெதுவாக உள்ளே வையுங்கள். கிளறுகம்பியால் லேசாகக் கிளறினாலே போதும். ஓங்கிக் குத்தினால் பொறி பறக்கும். ஊதுகுழலால் ஊதினால், வாயை எடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை இழுங்கள். நைலான் புடவை, தொங்கும் சால்வை வேண்டாம். கணப்புக்கு முன்னால் கம்பி வலைத் தடுப்பு அவசியம்.

சாம்பல் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். கோத்தகிரியில் உறவினர் வீட்டில், 'ஆறிடுச்சு' என்று நினைத்துச் சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைத்தேன். நடுராத்திரி நாற்றம் வந்து எழுந்தால், வாளி உருகி ஓட்டையாகியிருந்தது! பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. சாம்பலுக்குள் கங்கு மூன்று, நான்கு நாட்கள்கூட உயிரோடு இருக்கும். இரும்புக் கரண்டியால் அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, உயிர் போகிற விஷயம். குளிருக்காகக் கரி நெருப்பைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் தூங்கியபடியே போய்விடுவார். அறையில் இருப்பவர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் அஜீரணம் என்று நினைக்காதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், கஷாயம் வைத்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது!

தீப்புண் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மை, பற்பசை, நெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் டாக்டரிடம் போங்கள்.

படுக்கப் போகும் முன் தணல் முழுதும் அணைந்ததா என்று பாருங்கள். அது அணையும்வரை யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்!