வித்தைக்கு வேலியா, விலங்கா?

போர்க்கலைகளுக்குத் தலைமைச் சபைகள் அவசியந்தானா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சபையே வேண்டாமென்பாரும், சபை சொல்வதே வேதமென்பாரும் உளர். இவ்விரு கட்சியாரும் ஜப்பானிய மல்வித்தையாகிய ஜூடோவின் சரித்திரத்தைச் சற்று நோக்குவது நலம்.

ஜுஜுத்ஸு என்னும் பழைய வித்தை ஜப்பானில் பல பரம்பரைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி முறை, தனி ரகசியம். 1882-ஆம் வருஷத்தில் ஜிகோரோ கானோ என்னும் கல்விமான் டோக்கியோ நகரில் கோடோகன் என்ற கழகத்தை ஸ்தாபித்து, அபாயமான பிடிகளைப் போட்டியிலிருந்து விலக்கினார். காயமின்றி விழும் முறையைப் பாடமாக்கினார். தேர்ச்சிக்குத் தக்கபடி 'டான்' என்னும் படிகளை வகுத்தார். 1951-இல் சர்வதேச ஜூடோ சம்மேளனம் தோன்றியது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில், எடை வரம்பற்ற பிரிவில், ஹாலந்து தேசத்து அன்டன் கீசிங்க் ஜப்பானிய வீரரை அவர் நாட்டார் முன்னிலையிலேயே வென்றார். அந்நியர் ஒருவர் அவ்வித்தையின் தாயகத்திலேயே வெற்றி காண முடிந்ததெனில், விதி இருவருக்கும் பொதுவாக இருந்ததே காரணம். சபையால் விளையும் நன்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். கானோவிடம் நேரில் பயின்ற கெய்கோ புகுடா அம்மையார் 1953-இல் ஐந்தாம் டான் பெற்றார். பெண்களுக்கு அதற்கு மேல் படியில்லை என்பது கோடோகனின் விதி. தடை திறமையைப் பற்றியதன்று. பெண்ணாய்ப் பிறந்ததைப் பற்றியது. பலர் கடிதமெழுதி வற்புறுத்திய பின்னரே, 1972-இல் ஆறாம் டான் கிடைத்தது. கோடோகன் ஒன்பதாம் டான் அளித்த 2006-இல் அவருக்கு வயது 92.

சர்வதேச சம்மேளனமோ, எதிரியின் காலைக் கையாற் பற்றி வீழ்த்தும் பிடிகளை 2010-இல் கட்டுப்படுத்தி, 2013-இல் அறவே தடுத்தது. கோடோகனின் பட்டியலில் அவை இன்றும் உள்ளன. ஆயினும், பந்தயத்திற் பயன்படாத பிடியை எத்தனை மாணவர் சிரமப்பட்டுக் கற்பார்கள்? போட்டிக்கு இட்ட விதி, நாளடைவில் வித்தையையே குறுக்கிவிடக் கூடும்.

இவற்றால் சபைகளைக் கலைத்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கலைத்தால் பழைய ரகசியங்களும், ஆளுக்கொரு பட்டமுமே மிஞ்சும். நாம் வேண்டுவன மூன்று. பட்டம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விதியை மாற்றுமுன் பயில்வோரின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். சபையின் தீர்ப்பின்மேல், அச்சபையைச் சாராத நடுவர்களிடம் அப்பீல் செய்துகொள்ள வழியிருக்க வேண்டும். நியாயஸ்தலத்தில் சாதாரண வழக்காளிக்கும் உள்ள இவ்வுரிமை, வியர்வை சிந்தி வித்தை கற்பவருக்கு மட்டும் ஏன் இல்லாமற் போக வேண்டும்?

பயிருக்கு வேலி வேண்டும். வேலியே பயிரை மேயலாகாது. புகுடா அம்மையார் ஒரு படி ஏறப் பத்தொன்பது வருஷம் காத்திருந்ததைச் சபைகளில் அமர்ந்திருப்போர் மறவாதிருப்பாராக.