பிரமாணிக்கம் முறிந்தால் பந்தமும் முறிந்துவிடுமா?



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரி என்னைப் பார்க்க வந்தார். அவருடைய கணவர் வேறொரு பெண்ணோடு வாழப் போய்விட்டார். குழந்தைகளின் பராமரிப்பிற்காக இவர் நீதிமன்றம் சென்று மணமுறிவு பெற்றார். அன்று முதல் மூன்று ஆண்டுகளாகக் கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, நன்மை வாங்காமலேயே வீடு திரும்பியிருக்கிறார். "சாமி, டைவர்ஸ் வாங்கினவ நான். இனிமே எனக்கு நன்மை கிடையாதுதானே?" என்று கேட்டார்.

அதே மாதத்தில் ஒரு இளைஞர் வந்தார். "அவ எனக்குத் துரோகம் பண்ணிட்டா சாமி. அப்படின்னா இந்தக் கல்யாணமே செல்லாதுதானே? ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க, வேற பொண்ணு பார்க்கிறாங்க" என்றார்.

இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். ஒருவர் தனக்கு இருக்கும் உரிமையை இழந்துவிட்டதாக நினைத்தார். மற்றவர் தனக்கு இல்லாத உரிமை கிடைத்துவிட்டதாக நினைத்தார். நாட்டின் சட்டம் வேறு, திருச்சபையின் சட்டம் வேறு என்பதை நாம் தெளிவாகச் சொல்லிக் கொடுக்காததே இந்தக் குழப்பத்திற்குக் காரணம்.

முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. மனைவி மணமுறிவு கேட்டாலோ, கணவரின் பிறழ்வோடு கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற வேறொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டின் திருத்தம்தான் இந்த அநீதியை நீக்கியது. இன்று இருவருக்கும் ஒரே அளவுகோல். 2018-இல் உச்ச நீதிமன்றம் பிறன்மனை உறவைக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கியது. ஆனால் மணமுறிவுக்கான காரணமாக அது இன்றும் நீடிக்கிறது. பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை முடிவு செய்யும்போது, நீதிமன்றம் முதன்மையாகக் கருதுவது பிள்ளைகளின் நலனையே.

திருச்சபையின் பார்வை இதிலிருந்து வேறுபட்டது. திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி செய்து, இல்லற உறவால் நிறைவு செய்த திருமணத்தைச் சாவைத் தவிர வேறெந்த மனித அதிகாரமும் முறிக்க முடியாது (திருச்சபைச் சட்டம் 1141). துணைவரின் துரோகம்கூட அந்தப் பந்தத்தை அவிழ்ப்பதில்லை. மோசே மணவிலக்கை அனுமதித்தது மக்களின் கடின உள்ளத்தை முன்னிட்டே என்றும், தொடக்கத்தில் அவ்வாறு இல்லை என்றும் ஆண்டவர் கூறினார் (மத் 19).

அப்படியானால், ஏமாற்றப்பட்டவர் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு அதே வீட்டில் இருக்க வேண்டுமா? திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. சட்டம் 1152 முதலில் மன்னிப்பைப் பரிந்துரைக்கிறது. மன்னிக்க இயலாத நிலையில், குற்றமற்ற துணைவர் பிரிந்து வாழும் உரிமையை ஏற்கிறது. துரோகத்தை அறிந்த பின்பும் ஆறு மாதம் திருச்சபை அதிகாரியையோ அரசு அதிகாரியையோ அணுகாமல் சேர்ந்து வாழ்ந்தால், மன்னித்துவிட்டதாகச் சட்டம் கருதும். தாமாகப் பிரிந்து சென்றவர் ஆறு மாதத்திற்குள் திருச்சபை அதிகாரியிடம் தம் வழக்கைக் கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே அன்பர்களே, இப்படிப்பட்ட துன்பம் நேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் மூடி மறைக்காமல் உங்கள் பங்குத்தந்தையிடம் வாருங்கள்.

சட்டப்படியான உரிமைகளையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் காக்க வேறு வழியில்லை என்றால், நீதிமன்ற மணமுறிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2383) கூறுகிறது. அதைப் பெற்றதாலேயே ஒருவர் நற்கருணைக்குத் தகுதி இழப்பதில்லை. பந்தம் நீடிக்கும்போதே வேறொருவரோடு குடும்பம் நடத்துவதுதான் தடை.

"திருமணம் செல்லாது" என்னும் தீர்ப்பு மணமுறிவு அல்ல. ஏற்கெனவே இருந்த திருமணத்தை அது கலைப்பதில்லை. திருமண நாளன்றே உண்மையான திருமணம் உருவாகவில்லை என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஆராய்ந்து அறிவிப்பதே அது. எடுத்துக்காட்டாக, பிரமாணிக்கமாய் இருக்கப் போவதில்லை என்று மனதில் உறுதி செய்துகொண்டே ஒருவர் பீடத்தின் முன் சம்மதம் சொல்லியிருந்தால், அந்தச் சம்மதம் பழுதுபட்டது (சட்டம் 1101). பல ஆண்டுகள் நன்றாக வாழ்ந்துவிட்டுப் பிறகு தவறுவது பெரும் பாவமே. ஆனால் அது மட்டும் திருமணத்தைச் செல்லாததாக்காது. பங்குத்தந்தை எழுதும் கடிதமும் ஆக்காது. தீர்ப்பாயம் செல்லாது என அறிவித்தாலும், நாட்டுச் சட்டத்தின் முன் அது போதாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவுபடுத்தியது. அரசு நீதிமன்றத்தையும் நாடியே ஆக வேண்டும்.

அந்த இளைஞரைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பிவைத்தேன். முடிவு வரும்வரை பெண் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவருக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு பெண்ணின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறதே!

அந்தச் சகோதரியிடம், "அம்மா, நீங்கள் செய்யாத குற்றத்திற்கு நீங்களே தண்டனை கொடுத்துக்கொண்டீர்கள். ஒப்புரவு அருளடையாளம் பெற்று நன்மை வாங்க வாருங்கள்" என்றேன். அடுத்த ஞாயிறு அவர் பிள்ளைகளோடு முன்வரிசைக்கு வந்தார்.

நம் பங்கிலும் இப்படிக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் இருக்கலாம். அவர்களைப் பற்றிப் புறணி பேசாமல் அவர்கள் அருகில் சென்று அமர்வோம். தவறியவரும் திரும்பி வரக் கதவைத் திறந்து வைப்போம். பிறழ்வில் பிடிபட்ட பெண்ணைத் தீர்ப்பிடாமல், இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லி அனுப்பிய ஆண்டவர், காயம்பட்ட நம் குடும்பங்களையும் குணமாக்குவாராக!