வயிற்றுவலி என்கிறாள்

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சிரித்தே அரக்கர்களை வீழ்த்திய கொல்லிப்பாவையின் மலை இது. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் அந்தப் பாவையின் அழகு குலையாது என்கிறது நற்றிணை. தெய்வத்துக்கு அது பெருமைதான். பன்னிரண்டு வயதுச் சிறுமியிடமும் அதையே எதிர்பார்க்கிறோமே, அங்குதான் நோய் தொடங்குகிறது. என்ன நேர்ந்தாலும் அவள் முகம் கோணக் கூடாது. வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாது. "பொம்பள சிரிச்சா போச்சு" என்று அதற்கொரு பழமொழியும் வைத்திருக்கிறோம். இது மலைக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. நாமக்கல்லிலும் சென்னையிலும் இதே கதைதான்.

பிறவிக் குணமா?

"பொட்டப்புள்ளைக்குப் பொறுமை கூடவே பொறந்தது" என்பார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றிய 166 ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர்கள் தாரா சாப்ளினும் அமேலியா ஆல்டாவோவும் 2013இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்கு இடையே தெரிந்த வேறுபாடு மிகச் சிறியது. பெண் பிள்ளைகள் கூடுதலாக மலர்ந்த முகம் காட்டுவது வயது ஏற ஏறத்தான் அதிகமாகிறது. அதுவும் பெற்றோர் முன்னால் இருப்பதைவிட, பழக்கமில்லாத பெரியவர்கள் முன்னால் கூடுதலாக. அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு பழக்கிவிடப்பட்டது என்றே எனக்குப் படுகிறது.

உரல் சொல்லும் பாடம்

கொல்லிமலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கும் வழக்கம் உள்ள சமூகம். அதனால் வரதட்சணைக் கண்ணோடு இந்த மலைப் பெண்களின் வாழ்க்கையை அளக்க முடியாது. ஆனாலும் வேலைச்சுமை அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. சாமையையும் தினையையும் உரலில் இட்டு உலக்கையால் குற்றி உமி நீக்குவது பெண்களின் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியப் பணியில் இறங்கியபோது, அரவை இயந்திரங்கள் வந்து அந்தப் பாட்டைக் குறைத்தன. தோள்வலியை ஊர் ஒப்புக்கொண்டது, வழியும் பிறந்தது. மனவலியை இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா காட்டுக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்ப்பவள் மூத்த பெண்தான். "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்ற ஒரே சொல்லில் அவளுடைய அலுப்பும் கோபமும் அடங்கிப் போக வேண்டும். அழுதால் நீலி, எதிர்த்துப் பேசினால் வாயாடி. இப்படிப் பேர் வைத்துப் பேர் வைத்தே ஒரு பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை நாம் எழுதிவிடுகிறோம்.

பூப்புக்குப் பிறகு

சிறு வயதில் மனச்சோர்வு இரு பாலாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. பருவ வயதுக்குப் பிறகு பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஹார்மோன் மாற்றத்துக்கு இதில் பங்குண்டு. ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. அதே மாதங்களில் அவளுடைய ஓட்டமும் விளையாட்டும் நிற்கின்றன, குரல் தாழ்கிறது, சில வீடுகளில் கல்யாணப் பேச்சும் எழுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

சொல்ல முடியாதது உடம்பில் தெரியும். அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி, காரணமில்லாத அசதி, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் குமட்டல். இவை நடிப்பு அல்ல; மனம் நொந்தாலும் வலி உண்மையான வலிதான்.

முதலில் உடலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை உண்டு. மாதவிடாய் வலி, சிறுநீர்த் தொற்று, குடற்புழு ஆகியவற்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு, தூக்கக் குறைவு, சாப்பாட்டில் வெறுப்பு, தோழிகளிடமிருந்து விலகல் என நீடித்தால் மனநல உதவி தேவை. "செத்துடலாம்போல இருக்கு" என்றால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். காத்து கருப்பு என்று நாள் கடத்தாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

"எதுக்கு அழுவுற?" என்று அதட்டாமல் "என்னாச்சு சாமி?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பதிலுக்கு அவசரப்பட வேண்டாம். அவள் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கும் என்று நம்புங்கள். தண்ணீர் எடுப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அண்ணன் தம்பிக்கும் பிரித்துக் கொடுங்கள். "ஆம்பளப் புள்ள அழக் கூடாது" என்பதையும் நிறுத்துங்கள். அந்தச் சொல்லும் பிள்ளைகளைக் கெடுக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தால், மதிப்பெண் கேட்பதற்கு முன் தூக்கம் எப்படி என்று கேளுங்கள்.

மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் தமிழில் பேசலாம். குழந்தைத் திருமணம் உள்ளிட்ட எந்த ஆபத்துக்கும் 1098. இந்த இரண்டு எண்களையும் உங்கள் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதிக் கொடுங்கள்.